செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவ முகாமும் மழைக்கால நிவாரணமும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி திருவல்லிக்கேணி, ஜாம்பஜார் பகுதிகளில் நாம் மேற்கொண்ட ஆய்வுக்கே ஒதுக்கியிருக்கிறேன். படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ மனநோயால் அவதிப்படுபவரையோ சம்பளமின்றிக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களுள், உருது, தெலுங்கு, சௌராஷ்டிரம் ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டவர்களுக்கு உதவித் திட்டங்கள் எந்த அளவில் வந்து சேர்கின்றன என்பதை, அவர்களையே உடன் வைத்துக்கொண்டு அறிவதே இதன் நோக்கம்.

தொடக்கம் நமக்குப் பெருமை தருவதாக இல்லை என்பதை ஒளிக்காமல் பதிவு செய்கிறேன். ‘பராமரிப்பாளர் கலந்தாய்வு’ என்று அச்சிட்டுத் தெருவெங்கும் ஒட்டினோம். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றோம். வந்தவர் இருவர். இருவரும் ஹோம் நர்சிங் வேலை பார்ப்பவர்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று எண்ணி வந்திருந்தார்கள். பிறகு வீடு வீடாகச் சென்று கேட்டபோது, மூளை முடக்குவாதமுள்ள மகனைப் பல ஆண்டுகளாகத் தூக்கிக் குளிப்பாட்டும் ஒரு தாய், “பராமரிப்பாளரா? அப்படி யாரும் இங்கே இல்லையே, நான் இவன் அம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனார். நோட்டீஸில் இருந்த சொல் அவரைச் சுட்டவே இல்லை. மேலும், பதினொரு மணி என்பது மகனுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிப் படுக்க வைக்கும் வேளை என்பதை நாம் யாரும் யோசிக்கவில்லை.

அதன்பின் வினாத்தாளைச் செயற்குழுவிடமிருந்து எடுத்து, இவ்வாறு வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் சிலரிடமே ஒப்படைத்தோம். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அவரவர் மொழியில் எதற்குக் கேட்க வேண்டும் என்று கூட்டத்தில் ஆட்சேபித்தவன் நான்தான். அது தவறு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். தெலுங்கு பேசும் ஒரு மருமகள் தமிழில் என்னிடம் “ஒரு கஷ்டமும் இல்லை சார்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மறுவாரம் அதே கேள்வியை அடுத்த வீட்டு அம்மாள் தெலுங்கில் கேட்டபோது, மாமியாருக்கு வந்த படுக்கைப்புண், இரவில் இரண்டிரண்டு மணிக்கொருமுறை எழுவது, தனக்கே ஓராண்டாக இருக்கும் முதுகுவலி என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறார். ஆய்வில் பங்கேற்பவரின் ஒப்புதலை அவருக்குப் புரியும் மொழியில் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஒப்புதலுக்குச் சொன்னது பதிலுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

கூட்ட நேரத்தையும் அவர்களே முடிவு செய்தார்கள். மார்ச் மாதம் ரம்ஜான் நோன்பு நடந்ததால் அம்மாதச் சந்திப்பைப் பெருநாளுக்குப் பின் தள்ளிவைத்தோம். வருபவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு கொடுத்தோம். அதைவிட, அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் நோயாளியுடன் இருக்க ஒருவரை அனுப்பியதே அவர்களை வரவழைத்தது.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பத்தினரைக் கவனிக்கும் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 137 நிமிடமும் ஆண்கள் 75 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். இதைக் கூட்டத்தில் வாசித்தபோது சிரிப்பொலி எழுந்தது. காலை ஒன்பது மணிக்குள்ளேயே அந்த 137 நிமிடம் தீர்ந்துவிடும் என்றார் ஒருவர்.

தெரியவந்தவற்றுள் முக்கியமானவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனித்துக்கொள்ளும் பெற்றோரையும் குடும்பத்தினரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைப் பற்றியும் பேசுகிறது. நாங்கள் சந்தித்தவர்களுள் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்பதை அறியாமல், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அலைந்தவர்கள் இருந்தார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை மகனைத் தூக்கிச் சென்று, படிவத்தில் எழுதியிருந்ததை யாரும் விளக்காததால் வெறுங்கையோடு திரும்பிய தாயின் கதையை அவர் உருதுவில் சொன்னபடியே பதிவு செய்திருக்கிறோம்.

பதிவுகளைத் தொகுத்தபோதும் அவர்கள் உடனிருந்தார்கள். ‘சுமை’ என்று நாம் இட்டிருந்த தலைப்பைச் சிலர் அடித்துவிட்டு ‘ஓய்வில்லாமை’ என்று மாற்றினார்கள். வாய்மொழி அறிக்கை மூன்று மொழிகளிலும் தயாராகிவிட்டது. சௌராஷ்டிரக் குடும்பங்களை மட்டும் போதிய அளவில் சென்றடையவில்லை. அவ்வீடுகளிலிருந்து வினா கேட்க ஒருவரும் கிடைக்காததே காரணம். வரும் ஆண்டில் அப்பணியே முதலிடம் பெறும்.

வினாத்தாளைத் தயாரித்தவர்களுள் இருவரைச் செயற்குழுவில் சேர்க்கவும், கூட்ட நாட்களில் அவர்கள் வீட்டில் மாற்று ஆள் இருப்பதற்கான செலவைச் சங்க நிதியிலிருந்து வழங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்