மாசிக்காய் வாங்கும்போது ஓட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் மாசிக்காய் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். குழந்தைகளுக்குக் கல்லில் உரைத்துக் கொடுக்கும் உரை மருந்து வாங்க வருபவர்கள் இப்போதெல்லாம், "மாசிக்காய்க் கன்று எந்த நர்சரியில் கிடைக்கும், மாடியில் வைக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். முடியாதுங்க, அது செடியில் காய்க்கும் காயே இல்லை. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் இளங்கிளையில் சின்னக் குளவி முட்டையிடும். அந்த இடம் வீங்கித் திரள்வதுதான் மாசிக்காய். உள்ளே புழு வளர்ந்து, குளவியாகி, துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். அதற்கு முன் பறித்தது கருநீலமாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். ஓட்டை விழுந்தது வெளிறிப்போய் லேசாக இருக்கும், துவர்ப்பும் குறைவு.

அந்தத் துவர்ப்புதானே மருந்து! நல்ல காயில் பாதிக்கு மேல் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான். வாய்ப்புண்ணுக்கும் ஈறில் ரத்தம் கசிந்தாலும் கஷாயம் வைத்துக் கொப்பளிப்பார்கள். மூலத்துக்கு மேல்பூச்சு. அன்னபேதி என்கிற இரும்பு உப்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அந்தக் காலத்து எழுதும் மையை அப்படித்தான் தயாரித்தார்கள்.

பேதிக்கும் கேட்பது என்னவோ உண்மைதான். ஆனால் கைக்குழந்தைக்கு வயிற்றால் போனால் உரைத்துக்கொண்டு உட்காராதீர்கள், ஓ.ஆர்.எஸ். கொடுத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்று: செல்போன் விளம்பரம் பார்த்து மாசிக்காய்ப் பொடி வாங்குகிறார்கள். பொடித்த பிறகு ஓட்டை இருந்ததா, இல்லையா என்று யார் பார்ப்பது? முழுக்காயாகவே கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
கும்பகோணம்.