ஞாயிறு காலை: எந்த புரோகிராமுக்கு நெட், எதற்கு வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நம் ராயக்கோட்டை ரோடு காலனியில் ஒரு வீட்டில், பையன் இறக்கிய கேம் யாருக்கும் தெரியாமல் பின்னணியில் ஓடி மாத டேட்டா முழுவதையும் 4 நாளில் தீர்த்துவிட்டது. விண்டோஸ் ஃபயர்வால் (கம்ப்யூட்டருக்கும் நெட்டுக்கும் நடுவே நிற்கும் காவல் புரோகிராம்) வெளியிலிருந்து அழையாமல் வருவதைத் தடுக்கும், ஆனால் உள்ளிருந்து வெளியே போவதை நாமே ரூல் போட்டால்தான் நிறுத்தும், இது முக்கியம்.

அந்த ரூல் போடுவதை எல்லோரும் சேர்ந்து செய்து பார்க்கலாம்: வரும் ஞாயிறு காலை 10 மணி, மாரியம்மன் கோயில் மண்டபம்.

1. லேப்டாப், சார்ஜர் எடுத்து வாங்க, அட்மின் பாஸ்வேர்டும் நினைவிருக்கட்டும்.
2. ஃபயர்வாலில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அவுட்பவுண்ட் ரூல்ஸ் (வெளியே போவதற்கான ரூல்கள்), நியூ ரூல், புரோகிராம், அப்புறம் பிளாக். முடிந்தால் வீட்டிலேயே ஒருமுறை திறந்து பாருங்க.
3. விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் இரண்டையும் தயவுசெய்து தடுக்காதீங்க.
4. வருபவர்கள் சனி இரவு 8 மணிக்குள் வீட்டு எண்ணோடு இங்கே பதில் போடுங்க.