இலவசக் கல்விக்குள் நுழைந்த புதுச் செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்மார்ட் வகுப்பறை திறந்து வைக்கும் படங்கள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. சுவரில் பெரிய திரை, நாடா வெட்டும் விருந்தினர், முன்வரிசையில் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள். வரட்டும், நல்லதுதான். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளின் படிப்புக்குள் தொழினுட்பம் அந்தத் திரை வழியாக வரவில்லை. தாய்மாரின் கைபேசி வழியாக, வட்ஸ்அப் குழு வழியாக வந்தது. அங்கே நடப்பதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

மண்முனைப் பாலம் தாண்டி உள்ளே வரும் ஊர் ஒன்றில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, பிரின்ட், லெமினேட், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். மூத்த மகள் அடுத்ததாகச் சாதாரண தரம் எழுதப் போகிறாள், இளையவன் தரம் 4. பிள்ளைகள் கேட்டு வரும் தாள்தான் என் கடையின் பெரிய வருமானம். அந்தத் தாளைப் பாடசாலையே கொடுக்க வேண்டும் என்று நான் கேட்பது நடந்தால் அந்த வருமானம் குறையும். குறைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டில் கதைத்து முடிவெடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நன்மையைச் சொல்லாமல் விட முடியாது. 2014இல் பாலம் திறப்பதற்கு முன் ஒரு கடந்தகால வினாத்தாள் வேண்டுமென்றாலும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து ஆரையம்பதிக்கோ டவுனுக்கோ போக வேண்டும். இன்று கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் தமிழிலேயே கிடக்கின்றன. வெள்ளத்தில் புத்தகம் நனைந்துபோன பிள்ளைக்கு வேண்டிய அலகை மட்டும் எடுத்துக் கொடுக்க முடிகிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில், கடையில் கிடைக்காத ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் காசில்லாமல் வாசிக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தினார்களே, அந்தச் செய்தி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போனில்தான் வந்தது. வராமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தண்ணீருக்குள் இறங்கி மண்டபத்துக்குப் புறப்பட்டிருப்பார்களோ.

உட்கிராமம் ஒன்றிலிருந்து உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன் என் கடைக்கு வருவான். அவன் பாடசாலையில் இரசாயனவியலுக்கு நீண்ட காலம் ஆசிரியர் இல்லை. வீட்டில் சிக்னலும் சரியில்லை. யூடியூப்பில் இலங்கை ஆசிரியர்கள் நடத்திய பாடங்களைக் கடையில் இறக்கி, பென்ட்ரைவில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டுத் தொலைக்காட்சியில் சொருகிப் பார்க்கிறான். நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, குறிப்பெடுத்து, விளங்காததை ஒரு கொப்பியில் கேள்வியாக எழுதி, சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போது டியூசன் சேரிடம் கேட்கிறான். ஆசிரியர் இல்லாத இடத்தில் தொழினுட்பம் செய்யக்கூடிய உதவி இதுதான். டேட்டாவும் வேண்டாம், ஸ்மார்ட் வகுப்பறையும் வேண்டாம். ஒரு பென்ட்ரைவும், எதைப் பார்ப்பது என்று சொல்ல ஒரு ஆளும் போதும்.

ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் அவனைப் போன்றவர்கள் சிலர்தான். மற்றவர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களைத் தொடங்கினார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. தங்கள் கைக்காசில் டேட்டா போட்டுப் படிப்பித்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். உன்னிச்சைப் பக்கத்தில் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்று பாடத்தை இறக்கினார்கள். பிறகு 2022 வந்தது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு, கடதாசித் தட்டுப்பாடு, பெற்றோல் வரிசை. மறுபடியும் குழுவில்தான் பாடம். சரி, அதுவும் அவசரம். இப்போது பாடசாலை ஒழுங்காக நடக்கிறது, பஸ் ஓடுகிறது, கரும்பலகை இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு வந்த அந்த முறை மட்டும் போகவில்லை. இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் குழுவில் ஒரு கோப்பு விழும். கீழே ஒரு வரி: "நாளை பிரதி எடுத்து வரவும்."

காலை ஆறரைக்கு நான் கதவைத் திறக்கும்போதே சீருடையோடு பிள்ளைகள் நிற்கும். ஒரு தாய் போனை நீட்டி, "அக்கா, மிஸ் அனுப்பினதாம், கெதியா அடிச்சித் தாங்க, பஸ் போயிரும்" என்பார். திறந்து பார்த்தால் யாரோ அச்சிட்டு விற்கும் பயிற்சிப் புத்தகத்தின் பக்கங்களைப் போனால் படம் எடுத்திருக்கும். பக்கம் நடுவில் வளைந்திருக்கும், மூலையில் விரலின் நிழல் விழுந்திருக்கும். அதை அப்படியே பிரின்ட் போட்டால் பாதித் தாள் கறுப்பாக வரும். தரம் 4 பின்னக் கணக்கில் மேலே உள்ள எண் தெரியும், கீழே உள்ள எண் நிழலுக்குள் போய்விடும். ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டி, இரண்டு பக்கத்தை ஒரு தாளில் அடக்கி, முடிந்தவரை செலவைக் குறைத்துத்தான் கொடுக்கிறேன். அப்படியும் பெரிய கோப்பு வந்தால் ஒரே பிள்ளைக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடு என்றால் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தகப்பன் வாவியில் வலை போட்டுக் கொண்டுவருவதில்தான் அந்த வீட்டில் உலை வைக்க வேண்டும்.

என் கடையில் கடன் கொப்பி ஒன்று உண்டு. முன்பு அதில் ரீலோட் கடன்தான் இருக்கும். இப்போது முக்கால்வாசி பாடசாலைத் தாள். பிள்ளையின் படிப்பு என்பதால் இல்லையென்று சொல்ல எனக்கும் மனம் வராது, வேண்டாமென்று சொல்ல தாய்க்கும் மனம் வராது.

இந்த நாட்டில் 1945இல் கன்னங்கராவின் காலத்தில் கல்வி இலவசமானது. 1980இலிருந்து பாடநூல் இலவசம். 1993இலிருந்து சீருடைத் துணியும் அரசாங்கமே கொடுத்தது. ஏழைப் பிள்ளை படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செலவைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். இன்று போன், டேட்டா, பிரின்ட் என்று மூன்று செலவுகள் புதிதாக ஏறியிருக்கின்றன. எந்தச் சுற்றறிக்கையும் வந்து இவை ஏறவில்லை. அதனால்தான் யாரும் எதிர்த்துக் கேட்கவுமில்லை. பிள்ளைக்கு ஸ்மார்ட் போன் வேண்டுமென்று தோட்டை அடகு வைத்த தாய்மார் இருக்கிறார்கள். ஏற்கெனவே நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஊர்களில் இது எவ்வளவு பாரம் என்று கல்வி அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருக்காது.

போன் இல்லாத வீட்டின் கதை இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் பெயரில் குழுவில் இருப்பது பக்கத்து வீட்டு அண்ணனின் போன். அவர் மேசன் வேலைக்கு வெளியூர் போனால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுவேலை இல்லை. மறுநாள் வகுப்பில் "குழுவில போட்டேனே, பார்க்கலையா?" என்று கேட்பார்கள். பிள்ளை பதில் சொல்லாது. என்ன சொல்லும்?

இதே போன்தான் இன்னொரு வீட்டில் பெரிய உதவியாகவும் இருக்கிறது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன தாய் ஒருவர் அங்கிருந்தே மகளின் வகுப்புக் குழுவில் இருக்கிறார். ஆசிரியை போடும் கோப்பை எனக்கு அனுப்பி, "அக்கா, அம்மம்மா வருவா, குடுத்து விடுங்க, காசு மாசக் கடைசியில" என்று குரல் பதிவு போடுவார். இரவில் வீடியோ அழைப்பில் மகளைக் கொப்பியைக் காட்டச் சொல்லி, எழுத்துப் பிழையைக்கூடத் திருத்துகிறார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் இருக்கும் கடலை இந்தக் கருவி கொஞ்ச நேரமாவது இல்லாமல் ஆக்குகிறது. அதை யாரும் பறிக்கக் கூடாது. நான் போனுக்கு எதிரி அல்ல. பாடசாலை செய்ய வேண்டிய வேலையைப் போனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்தது ஒப்படை. "அன்ரி, டெங்கு பற்றி எடுத்துத் தாங்க" என்று வருவார்கள். என்ன எழுத வேண்டும், எத்தனை பக்கம், ஆசிரியர் என்ன கேட்டார் என்று திருப்பிக் கேட்டால் தெரியாது. முன்பு இணையத்தில் தேடி எடுத்தோம், இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நாலு பக்கம் வருகிறது. பிள்ளை அதை வாசிக்காமலே நீல மட்டைக்குள் வைத்துக் கட்டுகிறது. புள்ளியும் கிடைக்கிறது. அந்த வயதில் டெங்குவைப் படிக்க வேண்டுமென்றால் தன் வளவில் தேங்கி நிற்கும் சிரட்டைத் தண்ணீரைப் போய்ப் பார்த்து, புழு நெளிவதைப் பார்த்து, நாலு வரி சொந்தமாக எழுதினால் போதுமே.

வேறொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் தமிழில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்தவை. அதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை ஒட்சிசனை ஆக்சிஜன் என்றும், இழையத்தைத் திசு என்றும் எழுதுகிறது. செயற்கை நுண்ணறிவும் பெரும்பாலும் அப்படித்தான் பதில் தருகிறது. தன் பாடநூலில் இருப்பதும் இதுவும் ஒன்றா வேறா என்று தெரியாமல் என் மகளே குழம்பியிருக்கிறாள். நம் பாடநூலோடு ஒத்துப்போகும் நல்ல தமிழ் வீடியோக்களைத் தேர்ந்து, அலகு வாரியாகப் பட்டியலிட்டு எங்கள் பாடசாலைகளுக்குக் கொடுக்க வலயக் கல்விப் பணிமனையில் உள்ள பாட ஆலோசகர்களால் முடியும். புதிதாக ஒரு ரூபாய் செலவில்லாத வேலை.

தாளங்குடாக் கல்வியியற் கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவருக்குப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கும்போது, கல்வியில் தொழினுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட அறிக்கையைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். தொழினுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர அவருடைய இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றும், பக்கத்தில் போன் இருந்தாலே பிள்ளையின் கவனம் சிதறுகிறது என்றும் அதில் இருந்தது. சுவீடன் போன்ற பணக்கார நாடே அதே ஆண்டில் அச்சுப் புத்தகங்களுக்கு மறுபடியும் பணம் ஒதுக்கியதாம். எங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கையால் எழுதும் கொப்பியும் பெரிய எழுத்துப் புத்தகமும்தான் வேண்டும். என் இளையவன் கணக்குப் பார்க்க என்று போனை வாங்கினால், கணக்கு முடிய ஐந்து நிமிடம், அடுத்த முக்கால் மணித்தியாலம் கார்ட்டூன். போனைக் கேட்டு வாங்குவதே பெரும்பாடு. எத்தனை வீட்டில் இதே சண்டை நடக்கிறது என்று கடைக்கு வரும் தாய்மார் சொல்லக் கேட்கிறேன்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். பாடசாலையில் கடதாசி இல்லை, பிரதி எடுக்கும் இயந்திரம் பழுது, திருத்தக் காசில்லை என்று அவர்களே என்னிடம் வந்து நிற்கிறார்கள். என் பாடசாலைக் காலத்தில் ரோனியோ இயந்திரம் ஒன்று இருந்தது. பரீட்சைத் தாள் முதல் பயிற்சித் தாள் வரை அதில்தான் சுற்றினார்கள், நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஒரே பக்கத்தை நாற்பது வீடுகள் தனித்தனியாக என்னிடம் பிரின்ட் எடுக்கும் காசில், பாடசாலை மொத்தமாக எடுத்தால் எவ்வளவோ மிச்சம். ஸ்மார்ட் திரைக்கு வரும் பணத்தில் ஒரு பங்கை நல்ல பிரதி இயந்திரத்துக்கும் கடதாசிக்கும் ஒதுக்கச் சொல்லி நன்கொடையாளர்களிடம் அதிபர்கள் தைரியமாகக் கேட்க வேண்டும். அந்த இயந்திரத்துக்குப் படம் பிடிக்கும் திறப்பு விழா கிடைக்காமல் போகலாம், ஆனால் பிள்ளைகளுக்கு உபயோகம்.

கணினி அறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் கணினி அறை இருக்கிறது, இணைய இணைப்பும் இருக்கிறது. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் பூட்டிவிடுவார்கள். திறப்பு ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம், ஏதும் களவு போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் உள்ளே கணினிகள் துணி மூடிக் கிடக்க, வெளியே பிள்ளைகள் என் கடையில் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து இருக்கிறார்கள்.

வலயக் கல்விப் பணிமனையிடம் நான் கேட்பது பெரிதல்ல. தரம் 1 முதல் 5 வரை வீட்டுவேலையைக் கைபேசியில் அனுப்பக் கூடாது என்று அடுத்த தவணை தொடங்குமுன் ஒரு சுற்றறிக்கை விடுங்கள். மேல் வகுப்புகளுக்கு அனுப்புவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்குள் அனுப்பட்டும், அச்சிட்டே ஆக வேண்டிய தாளைப் பாடசாலையே கொடுக்கட்டும். கணினி அறையை வாரத்தில் மூன்று நாளாவது மாலை ஐந்து வரை திறந்து வைக்க அனுமதி கொடுங்கள். ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால், பெற்றோரில் சிலர் முறை வைத்து வந்து இருக்கத் தயார் என்று நானும் வேறு சில தாய்மாரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கணினியில் சின்னப் பழுதென்றால் பார்த்துக் கொடுக்க எனக்குத் தெரியும், அதற்குக் காசும் வேண்டாம். வலயத்தின் எழுத்து மூல அனுமதி வந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம் என்று அதிபரும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடை நடத்தும் ஒரு தாய்,
படுவான்கரை, மட்டக்களப்பு.