காகிதச் சுவர்

அன்பு மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூக்குக்கு ஒரு வாரம், காதுக்கு ஒரு வாரம், கண்குழிக்கு ஒரு வாரம் என்று பிரித்துப் படிக்கிறாய், ஆனால் படித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நிற்காது அம்மா. பாடப்புத்தகம் வசதிக்காக அத்தியாயம் பிரிக்கிறது. மண்டையோட்டில் அத்தியாயம் கிடையாது, சுவர்கள்தான் உண்டு. ஒவ்வொரு சுவரும் இரண்டு வீட்டுக்குப் பொது. அந்தப் பொதுச்சுவர்களைப் படி, அறைகள் தாமாக நினைவில் நிற்கும்.

உங்கள் உடற்கூறியல் துறையில் நல்ல மண்டையோடு ஒன்று கேட்டு வாங்கு. விளக்கை அணைத்துவிட்டு, மூக்கின் உட்புறத்திலிருந்து டார்ச் அடித்துக் கண்குழிக்குள் பார். கண்குழியின் உட்சுவர் எண்ணெய்க் காகிதம் போல வெளிச்சத்தை விடும். வெளிச்சமான கட்டங்களுக்கு இடையில் மெல்லிய கருப்புக் கோடுகள் தெரியும். கட்டங்கள் எத்மாய்டு காற்றறைகள், அதாவது மூக்குக்கும் கண்குழிக்கும் நடுவில் இருக்கும் எலும்பின் சிறு காற்றுப் பைகள்; கோடுகள் அவற்றின் தடுப்புகள். அந்தத் தகட்டின் கனம் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர்தான். பழைய ஆசிரியர்கள் அதற்குக் காகிதத் தகடு என்று பெயர் வைத்தது மிகைப்படுத்தல் அல்ல. உன் கத்திக்கும் ஒருவரின் பார்வைக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான்.

நான் அதைப் புத்தகத்தில் கற்கவில்லை. காது மூக்கு தொண்டை அறுவைப் பயிற்சியில் எனக்கு இரண்டாம் ஆண்டு. சைனஸ் அறுவையில் எத்மாய்டு அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனேன். வெளிறிய சவ்வுகளுக்கு நடுவில் மஞ்சளாக ஒரு மணி எட்டிப் பார்த்தது. பாலிப், அதாவது மூக்கில் வளரும் சதை, அதன் மிச்சம் என்று எண்ணி இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தேன். மூத்த மருத்துவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "திரையைப் பார்க்காதே, நோயாளியின் கண்ணைப் பார்" என்றார். மயக்கத்தில் கிடந்தவரின் கண், நான் இழுத்த இழுப்புக்கு அசைந்திருந்தது. இடுக்கியில் வந்த துணுக்கை உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டார். அது மிதந்தது. பாலிப் மூழ்கும், கொழுப்பு மிதக்கும். கண்குழிக் கொழுப்பைத்தான் நான் பிடித்து இழுத்திருந்தேன்.

அவருக்குக் கண்ணைச் சுற்றி நீலம் பாய்ந்ததோடு போயிற்று, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அன்றிரவு தூங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும், மூக்கு அறுவையில் நோயாளியின் கண்ணைத் துணியால் மூடவிட்டதில்லை. நீயும் விடாதே. சந்தேகம் வந்த இடத்தில் உதவியாளரை விட்டு மூடிய இமை மேல் மெதுவாக அழுத்தச் சொல். நீ எண்டாஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிரு. மூக்கின் பக்கச்சுவரில் ஏதாவது அசைந்தால் காகிதத் தகடு உடைந்திருக்கிறது என்று பொருள். கொழுப்பு தெரிந்தால் தொடாதே, இழுக்காதே, அந்தப் பக்கம் உறிஞ்சுகுழாயையும் கொண்டுபோகாதே.

கொழுப்பைவிட நான் அஞ்சுவது முன் எத்மாய்டு தமனிக்கு. அது கண்குழியிலிருந்து கிளம்பி, எத்மாய்டின் கூரையை ஒட்டி மூக்கின் மேற்புறத்தைக் கடக்கிறது. அறுபட்டால் சில சமயம் சுருங்கிக் கண்குழிக்குள் பின்வாங்கிவிடும். பிறகு இரத்தம் வடிவது மூக்கில் அல்ல, கண்ணுக்குப் பின்னால். கண்குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லி. கண் உருண்டைக்கே 7 மில்லி போக, மிச்சத்தில் தசை, நரம்பு, கொழுப்பு எல்லாம் நெருக்கியடித்து இருக்கின்றன. புதிதாக இரத்தம் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. கண் முன்னே பிதுங்கும், கல் போல இறுகும். அப்போது ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பெரிய தவறு. கண்ணின் வெளிமூலையை வெட்டி, இமையின் தசைநாணை விடுவித்து, அழுத்தத்தை இறக்க வேண்டும். அதைக் கண் மருத்துவர்களிடம் இப்போதே போய்க் கற்றுக்கொள். தேவைப்படும் நாளில் கற்க நேரம் இருக்காது.

இயற்கை கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கண் உருண்டையின் பின்புறத்திலிருந்து பார்வை நரம்புக் கால்வாய் வரை தொலைவு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். கண்குழிக்குள் நரம்பின் நீளமோ ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். அந்தத் தளர்ச்சி இருப்பதால்தான் நாம் நாலா பக்கமும் பார்வையைத் திருப்ப முடிகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இன்னொன்று கேட்டிருந்தாய்: உட்சுவர்தானே மிக மெல்லியது, பிறகு ஏன் பந்தோ முட்டியோ கண்ணில் பட்டால் தரை அடிக்கடி உடைகிறது? உட்சுவருக்குப் பின்னால் எத்மாய்டின் தடுப்புகள் தேன்கூடு போல முட்டுக் கொடுக்கின்றன. தரைக்குக் கீழே இருப்பது மேல்தாடை சைனஸின் வெற்றிடம், தாங்க ஆள் இல்லை. தரை உடைந்த நோயாளிக்குக் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகின்றன. உணர்ச்சி நரம்பு அந்தத் தரைக்குள்ளேயே ஓடுகிறது. குழந்தைகளிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களின் எலும்பு கதவு போலத் திறந்து, தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். கண் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் பார்க்காது, வாந்தி எடுக்கும். தலையில் அடி என்று மட்டும் நினைத்து அனுப்பிவிடாதே.

மேல்தாடை சைனஸின் வாயில் தரையில் இல்லை, உட்சுவரில் உயரத்தில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு அது வடிகாலுக்கு ஏற்ற இடமே அல்ல. அப்படியும் சளி வெளியேறுகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதைக் கீழிருந்து மேலே, அந்த வாயிலை நோக்கியே இடைவிடாமல் தள்ளுவதால்தான். வசதி என்று கருதி ஒரு காலத்தில் அடியில் துளை போட்டார்கள். சளி அந்தத் துளையைச் சுற்றிக்கொண்டு பழைய வாயிலுக்கே போயிற்று. நாம் இயற்கை வாயிலை அகலப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

நீ குழந்தையாக இருந்தபோது அழுது ஓய்ந்ததும் மூக்கு ஒழுகும். துடைத்துவிட்டுக்கொண்டே, இது சளி அல்ல, கண்ணீரேதான் என்று உன்னிடம் சொல்வேன். கண்ணீர் நாளம் மூக்கின் கீழ்ச்சுருளுக்கு அடியில் வந்து திறக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் அதே வழியாகத்தான். சளி பிடித்த இரண்டாம் நாள் இரவு காதைப் பிடித்துக்கொண்டு நீ எழுந்து உட்கார்வாய். அதற்கும் ஒரு வழி இருந்தது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேக்கியன் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையப் படுத்த நிலையிலும் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு அது நீண்டு சாய்கிறது.

காதிலும் இதே பாடம்தான், அளவு இன்னும் சிறியது. செவிப்பறையின் நடுப்பகுதிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. நடுச்செவியின் கூரைக்கு மேலே மூளை, தரைக்குக் கீழே கழுத்துச் சிரையின் குமிழ், முன்னால் கழுத்துத் தமனி. உட்சுவரில் முகநரம்பு ஓடுகிறது, சிலருக்கு அந்த இடத்தில் எலும்பு மூடியே இருக்காது. சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே ஒரு வெள்ளை நூல் குறுக்கே போவதைப் பார்ப்பாய். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை கொண்டுபோகும் நரம்பு அது. காது அறுவைக்குப் பிறகு நோயாளி, நாக்கில் உலோகச் சுவை அடிக்கிறது என்றால், மனப்பிரமை என்று தள்ளிவிடாதே. அந்த நூலை நாம் இழுத்திருப்போம். அறுவைக்கு முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடு.

வியாழக்கிழமை உனக்கு முதல் எத்மாய்டு அறுவை என்று எழுதியிருக்கிறாய். முந்தின நாள் சிடி ஸ்கேனை நீயே முன்னிருந்து பின்னாக, ஒரு வெட்டு விடாமல் பார். காகிதத் தகடு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா, மூக்கின் கூரைக்கு மேலே வாசனை நரம்பு தங்கும் முகர்ச்சிக் குழியின் ஆழம் இரண்டு பக்கமும் ஒன்றா, கடைசி எத்மாய்டு அறைக்குள் பார்வை நரம்பு புடைத்துத் தெரிகிறதா என்று உன் கையால் எழுதி, அறுவை அறையில் கண்ணில் படும்படி ஒட்டிவை. முடிந்ததும், எவ்வளவு நேரமானாலும், எனக்குப் போன் செய். விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா