நான்கு வாரம் பொறு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"குடித்தபோதாவது நிம்மதியாக இருந்தேன் அம்மா. நிறுத்திய பிறகுதான் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை, எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தோன்றுகிறது" என்று நேற்று போனில் சொன்னாய். மனச்சோர்வுக்கு மாத்திரை கேட்டதற்கு டாக்டர் "கொஞ்சம் பொறுங்கள்" என்றாராம், அதில் உனக்குக் கோபம். அவர் சொன்னது சரி. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகக் காலம் கழித்தவள் என்ற முறையில், ஏன் என்று எழுதுகிறேன்.

மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை மது கூட்டும். மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையை அமுக்கும். தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். குடியைச் சட்டென்று நிறுத்தும்போது அமுக்கிய கை விலகிவிடுகிறது, ஏறிய வேகம் அப்படியே இருக்கிறது. நடுக்கம், வியர்வை, காரணம் தெரியாத பயம் எல்லாம் அதிலிருந்து வருபவை. முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பிதற்றல் வரலாம். உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது உயிரையே கொண்டுபோகக்கூடியது. அதனால்தான் வீட்டில் இருந்தபடி நிறுத்தாதே, ஆஸ்பத்திரியில் சேர் என்று பிடிவாதம் பிடித்தேன். உனக்கு அங்கே குளோர்டயசிபாக்சைடு மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள் அல்லவா, ஏறிய வேகத்தை மெல்ல இறக்கத்தான் அது. தயமின் ஊசியும் வீண் இல்லை. குடிப்பவர்களுக்கு அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும்; கவனிக்காமல் விட்டால் நடை தள்ளாடும், ஞாபகமே அழிந்துபோகும்.

அந்த மாத்திரையில் மீதி இருப்பதைப் பதற்றம் வரும்போதெல்லாம் போட்டுக்கொள்ளலாமா என்று மருமகளிடம் கேட்டாயாம். கூடாது. அதுவும் பழக்கமாகிவிடும். அதன் மேல் ஒரு நாள் குடித்துவிட்டால் மூச்சே அடங்கிவிடலாம். மிச்சத்தை அவளிடம் கொடுத்து டாக்டரிடம் திருப்பிவிடச் சொல்.

இனி மனச்சோர்வு. நீண்ட நாள் குடித்தவர்களை நிறுத்திய புதிதில் பார்த்தால் நிறையப் பேர் இப்படித்தான் துவண்டு கிடப்பார்கள். அவர்களில் பலருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில், மனச்சோர்வு மாத்திரை எதுவும் இல்லாமலேயே அது விலகும். இப்போதே மருந்தைத் தொடங்கினால் எது எதனால் தெளிந்தது என்று டாக்டருக்குத் தெரியாது. நான்கு வாரம் கழித்தும் விலகாவிட்டால் அது தனி நோயாக இருக்கலாம். செர்ட்ராலின் போன்ற மருந்து தருவார்கள். அதுவும் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், இரண்டாம் நாளே பலன் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதே. அதுவரை கவுன்சிலிங் நாளைத் தவறவிடாதே. இந்த வாரங்களில் உன் மனம் உன்னைப் பற்றிச் சொல்கிற எந்தத் தீர்ப்பையும் நம்பாதே, ராசா.

ஒன்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் அழுத்தினால் அன்று இரவே மருமகளை எழுப்பு, அவசர சிகிச்சைக்குப் போ, எனக்குப் போன் செய். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. நேற்று நீ என்னிடம் சொன்ன அந்த வார்த்தையை இன்றே டாக்டரிடமும் சொல்லிவிடு. கேட்டால் அவர் முடிவை மாற்றவும் கூடும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல். கல்லூரி இரண்டாம் வருடம், குடி என்றால் என்னவென்றே உனக்குத் தெரியாத காலத்தில், மாதக்கணக்கில் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே கிடந்தாய். உன் தாய்மாமாவும் ஒரு சொட்டுக் குடிக்காதவர், மனச்சோர்வுக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர். குடிக்கு முன்பே இருந்ததா, குடியால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு இந்த இரண்டும் வேண்டும். மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, நீ விட்டதை அவள் சொல்லுவாள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா