சாவிக்கு முன் படிவம்

ஐயா,

சீசன் வந்தால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மாடி அறையை வாடகைக்கு விடுவோர் பெருகிவிடுகிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர 1 முதல் 6 அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள்; உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஆளில்லா வீட்டைத் தரகரிடம் ஒப்படைத்துவிட்டுப் பலகை மாட்டுவது இந்தக் கணக்கில் வராது.

பலரும் சறுக்குவது வெளிநாட்டு விருந்தினர் விஷயத்தில். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' என்று பழக்கத்தில் சொல்லப்படும் வெளிநாட்டவர் தங்கல் விவரத்தை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தை மட்டும் போனில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். படிவமோ விசா எண்ணையும் இந்தியாவுக்குள் வந்த தேதியையும் கேட்கும்; அவை வேறு பக்கங்களில். இ-விசா என்றால் தனித் தாளில். விருந்தினர் தொட்டபெட்டா கிளம்பிய பிறகு தேடி என்ன பயன்? சாவி கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் படமெடுத்துவிட வேண்டும்.

இந்த ஊர்களுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி, வந்துவிட்டது. அதை முன்பதிவின்போதே சொல்லாத வீட்டுக்காரருக்கு, செக்போஸ்டில் இருந்துதான் முதல் போன் வருகிறது.

இந்த விதிகளை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு நகராட்சி அலுவலகங்களில் வைக்க ஆவன செய்ய வேண்டும்.

— ஒரு வாசகர், குன்னூர்