61.2 கிலோ

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பா நாற்றுக்கு ஆள் தேடி அலைகிறார். மற்ற சேதியெல்லாம் பிறகு.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கர்ப்பகாலச் செக்கப் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரஷர் 110/70. ரத்தம் 11.2. நல்லது. எடைக் கட்டத்தில் 28ஆம் வாரம் 61.4, 32ஆம் வாரம் 61.2. கீழே "எல்லாம் நார்மல்மா" என்று போட்டிருந்தாய். கண்ணு, முப்பது வருஷம் நர்ஸாக அந்தக் கட்டத்தை நிரப்பியவள் நான்.

முதலில் தராசைச் சந்தேகப்படுவோம். ஒருமுறை சாப்பிட்டுவிட்டுச் செருப்போடு ஏறியிருப்பாய், மறுமுறை வெறும் வயிற்றில். அதிலேயே ஒரு கிலோ முன்னே பின்னே வரும். வீட்டுத் தராசைக் கட்டாந்தரையில் வை, பாய் மேல் வைத்தால் பொய் சொல்லும். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, எதுவும் குடிக்காமல், அதே நைட்டியோடு ஏறு. வாரம் ஒருநாள் போதும். தினமும் ஏறினால் எண்ணைப் பார்த்து மனசுதான் கெடும்.

தராசு சரி என்றால் இந்தக் கணக்கைப் பார். 28 வாரத்தில் பிள்ளை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 32இல் சுமார் 1.7. பிள்ளை மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும்போது நீ 200 கிராம் இறங்கியிருக்கிறாய். அப்படியானால் உன் உடம்பிலிருந்து முக்கால் கிலோவாவது போயிருக்கிறது. உண்டாவதற்கு முன்னால் நீ 54 கிலோ, உயரம் 157. இந்த உயரத்துக்கு அது நல்ல எடை. அந்த மாதிரி உடம்புக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்று அமெரிக்க அட்டவணை சொல்லும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 9 முதல் 11. எதை எடுத்துக்கொண்டாலும் நாலாம் மாதத்துக்குப் பிறகு மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ ஏற வேண்டும். மாதம் 3 கிலோவைத் தாண்டினாலும் பார்க்கணும், அது வேறு கதை. இறங்குவது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

அங்கே ஆபீசில் யாராவது "குறைச்சுச் சாப்பிட்டா பிள்ளை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆயிரும்" என்று சொல்லியிருந்தால் அதைக் காதில் போடாதே. வயிற்றில் சோறு பத்தாத பிள்ளைக்கு முதலில் வற்றுவது வயிறு, கை, கால், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. மூளைக்குப் போகும் ரத்தத்தை உடம்பு கடைசிவரை காப்பாற்றும், அதனால் தலை அவ்வளவாகக் குறையாது. வழியில் முட்டுவது தலைதானே? இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளை சீக்கிரம் சில்லிட்டுப் போகும், சர்க்கரை இறங்கும், பால் குடிக்கவே களைத்துத் தூங்கிவிடும். "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று உன் அத்தை சொல்வதும் தப்பு. ஆனால் அந்தத் தப்பை நீ செய்யப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நாளுக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரிதான். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு கைப்பிடி நிலக்கடலை, அவ்வளவே. இந்தக் கடைசி மூன்று மாதத்தில் புரதம்தான் 22 கிராம் கூட வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு டம்ளர் பாலில் 6, அந்தக் கடலையில் 7. கணக்கு முடிந்தது, பவுடர் டப்பா வாங்க வேண்டாம். அரிசிம்பருப்பு செய்தால் டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு என்று நான் போடுவதை விட்டுவிடு. அரை டம்ளர் போடு, மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல். வயிறு மேலே தள்ளுவதால் ஒரேயடியாகச் சாப்பிட முடியாது, எதுக்களிக்கும். ஆறு வேளையாகப் பிரி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்காதே. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதே, டீயோடு எதையும் விழுங்காதே.

இனி எழுதுவது உனக்கென்று இல்லை, பொதுவாகச் சொல்கிறேன். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140, அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்குவதால் வருவது அது. லட்டு தின்று யாரும் வரவழைத்துக்கொள்வதில்லை. அந்த முடிவு வந்த மறுநாளே படித்த பெண்கள் செய்கிற காரியம், சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோரும் வெள்ளரிக்காயுமாக இருப்பது. சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண் அழகாக வரும். தராசு இறங்கும். உடம்பு தன் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளை விடும், அது பிள்ளைக்கும் போகும். சர்க்கரை இருப்பவளுக்கும் நாளுக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். ஒரு இட்லியில் 12, 15 கிராம். ஒரு கப் சோற்றில் 45. ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்து, ஒவ்வொரு தடவையும் பருப்போ முட்டையோ சேர்த்துச் சாப்பிட்டால் எண் எகிறாது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஒன்பது வரை பட்டினி கிடக்கக் கூடாது, படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் நாலு கடலையும் வேண்டும்.

சர்க்கரை வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ணணும், கை கழுவியதிலிருந்து அல்ல. ஒழுங்காகச் சாப்பிட்டும் அதற்குள் நிற்கவில்லை என்றால் டாக்டர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளையிடம் போவதில்லை. ஊசிக்குப் பயந்து பட்டினி கிடப்பதைவிட ஊசி எவ்வளவோ மேல். அப்புறம், மீட்டருக்கு ரத்தம் எடுக்க விரலின் நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில் குத்தணும். நடுவில்தான் வலி அதிகம்.

கட்டுச்சோறு அன்றைக்கு உனக்கு வளையல் போட்டவள் நான். எண்ணெய் தடவி இடதுகையைப் பிடித்திருந்தேன். அதற்குமேல் எழுதவில்லை. உன் இலையில் புளிச்சோறு அப்படியே இருந்தது.

கேட்டிருக்கலாம். கேட்கிற வாய் எனக்கு இல்லை, கண்ணு. ஒன்பதாவது படிக்கும்போது உன் தட்டிலிருந்து மூன்றாவது தோசையை எடுத்து அண்ணன் தட்டில் போட்டது நான்தான். ஒவ்வொரு லீவுக்கும் வாசலிலேயே "ஒரு சுத்துப் பெருத்துட்டயே" என்று வரவேற்றதும் நான்தான். ஊரில் வாரிசைப் பெறப்போகிற பெண்களிடம் "தின்னு, தின்னு" என்று கெஞ்சிவிட்டு வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்னேன். இப்போது உன்னிடம் சாப்பிடு என்றால் நீ நம்புவாயா? தராசில் ஏறும்போது உன் காதில் யார் குரல் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிடு. திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த செக்கப்பில் எடையை நீயே எடுத்துச் சொல், அவர்களாகப் பார்க்கட்டும் என்று இருக்காதே. வளர்ச்சி ஸ்கேன் கேள். பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு வாரத்துக்குத் தக்கபடி இருக்கிறதா என்று கேள். தாயின் எடை குறைந்தாலே பிள்ளை மெலிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அளந்தால்தான் தெரியும். சாப்பிட்டபின் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து அசைவை எண்ணு, இரண்டு மணி நேரத்தில் பத்து வரணும். வராவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, அப்போதே கிளம்பு. ஒரே வாரத்தில் எடை கிடுகிடுவென்று ஏறி முகம் வீங்கினாலும், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலும் அதே மாதிரிதான். அது பிரஷர்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மாப்பிள்ளை பேருக்கு ஒரு அட்டைப்பெட்டி போடுகிறேன். தோல் நீக்காத வறுத்த கடலை இரண்டு கிலோ, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நாட்டுக்கோழி முட்டை முப்பது (உமியில் புதைத்திருக்கிறேன், கவிழ்த்துவிடாதீர்கள்). கடலை உருண்டை பிடிக்கலாம் என்று வெல்லம் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்த்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பு. நார்மல் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
அம்மா